வெர்மூத் என்பது ஒயினா, லிக்கரா (இனிப்பும் மணமும் சேர்த்த வடித்த மது)? அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

ஒயின்தான். ஆனால் மூலிகைகளை ஊறவைத்து, பிராந்தி போன்ற வடித்த மதுவும் கொஞ்சம் கலந்தது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி முக்கால் பங்காவது ஒயின் இருக்க வேண்டும், ஆல்கஹால் 14.5 சதவீதத்துக்குக் குறையாமல் 22-ஐ எட்டாமல் இருக்க வேண்டும், ஆர்ட்டிமீசியா இனச் செடியின் சுவை கட்டாயம்.

பெயரும் அந்த இனத்தைச் சேர்ந்த வோர்ம்வுட் என்ற கசப்பு மூலிகையிலிருந்து வந்தது. ஜெர்மனில் அது வெர்மூட், பிரெஞ்சில் வெர்மூத். தமிழ் பைபிளில் இதைத்தான் 'எட்டி' என்று போட்டிருக்கிறார்கள். அதை நம்பி எட்டிக்கொட்டையைச் சேர்த்துவிடாதீர்கள், அதிலிருப்பது ஸ்ட்ரிக்னின் விஷம். நாம் தலையில் வைக்கும் மரிக்கொழுந்துதான் உண்மையான ஆர்ட்டிமீசியா உறவு.

கசப்பு மூலிகையை ஒயினில் ஊறவைத்து மருந்தாகக் குடிப்பது கிரேக்க, ரோமானியர் காலப் பழக்கம். இன்றைய இனிப்பு வெர்மூத்தின் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1786, இத்தாலியின் துரின் நகரம், அன்டோனியோ பெனடெட்டோ கார்பானோ. ஆல்ப்ஸ் அடிவாரம் என்பதால் மூலிகைக்கு அங்கே குறைவில்லை. வறண்ட, அதாவது இனிப்பு குறைந்த, பிரெஞ்சு வகை ஜோசஃப் நொய்யி 1813-ல் உருவாக்கியது. சிவப்பு வெர்மூத் பெரும்பாலும் வெள்ளை ஒயின்தான், நிறம் கேரமலால் வருகிறது.

வீட்டில் செய்ய: 12 சதவீத வெள்ளை ஒயின் 750 மி.லி., பிராந்தி 150 மி.லி., சர்க்கரை 140 கிராம். பட்டை, 3 ஏலக்காய், ஒரு ஸ்பூன் தனியா, வெள்ளைப் பகுதி நீக்கிய ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றை 120 மி.லி. பிராந்தியில் 3 நாள் ஊறவையுங்கள். காய்ந்த வோர்ம்வுட் அரை கிராம் மட்டும், மீதி 30 மி.லி.யில் தனியாக, ஒரே நாள். எல்லாவற்றையும் சேர்த்து ஊறவைத்தால் கசப்பு மற்ற மணங்களை அமுக்கிவிடும், பிறகு சர்க்கரை கொட்டியும் பயனில்லை. தனியாக இருந்தால் ஸ்பூன் ஸ்பூனாகச் சேர்த்து, ருசி பார்த்து நிறுத்தலாம். பொடித்த மசாலா வேண்டாம், எத்தனை முறை வடிகட்டினாலும் கலங்கலாகவே இருக்கும். சர்க்கரையை ஒயினில் சூடில்லாமல் கரையுங்கள், கொதிக்கவிட்டால் ஆல்கஹால் போய்விடும். பிறகு மசாலா பிராந்தியை வடிகட்டி அதில் ஊற்றி, வடிகட்டிய வோர்ம்வுட் பிராந்தியைக் கடைசியில் ஸ்பூனால் சேருங்கள். கர்ப்பிணிகளுக்கு மது மட்டுமல்ல, வோர்ம்வுட்டும் ஆகாது.

கடையில் வாங்கியதானாலும் திறந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் வையுங்கள். விஸ்கி பக்கத்தில் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தால் காற்றுப் பட்டு மணம் செத்துப்போகும். வறண்ட வகை ஒரு மாதம், இனிப்பு வகை இரண்டு மாதம் தாங்கும். சின்ன பாட்டிலாக வாங்குவது உத்தமம்.