வீட்டுப் படங்களுக்கு முதல் டி.எஸ்.எல்.ஆர்.: எந்த லென்ஸோடு வாங்குவது?

கேள்வி: எனக்கு ஆறு வயதில் ஒரு மகள், இரண்டு வயதில் ஒரு மகன். பிறந்தநாள், காதுகுத்து, வீட்டில் அவர்கள் விளையாடுவது எல்லாவற்றையும் படம் எடுக்க முதன்முறையாக டி.எஸ்.எல்.ஆர். வாங்கப் போகிறேன். கேனான் 1500டி-யை 18–55 மி.மீ., 55–250 மி.மீ. என்று இரண்டு ஜூம் லென்ஸுடன் செட்டாக வாங்கிக்கொள்ளச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? நிக்கான் நல்லதா? செகண்ட் ஹேண்ட் வாங்கினால் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: 1500டி வாங்கலாம். 18–55 உள்ள ஒற்றை லென்ஸ் செட் போதும். 55–250-க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை 50 மி.மீ. எஃப் 1.8 அல்லது 24 மி.மீ. எஃப் 2.8 லென்ஸுக்கு ஒதுக்குங்கள் (எஃப் எண் சிறிதாக ஆக, வெளிச்சம் நுழையும் துவாரம் பெரிதாகும்). 55–250 பூங்காவிலும் விளையாட்டு மைதானத்திலும் அருமையாக வேலை செய்யும். ஆனால் அதற்கு ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி நின்றால்தான் ஃபோகஸே ஆகும். பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் அது பெரும்பாலும் பையிலேயே கிடக்கும்.

வீட்டுக்குள் எடுக்கும் படங்கள் கெடுவதற்கு முக்கியக் காரணம் வெளிச்சக் குறைவு. 18–55 லென்ஸை 55-க்கு ஜூம் செய்தால் அதன் துவாரம் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. ராத்திரியில் ஒரு டியூப்லைட்டை நம்பி ஆட்டோவில் எடுத்தால், கேமரா ஷட்டரை 1/30 நொடி அளவுக்கு மெதுவாக்கிவிடும். அதற்குள் குழந்தை கையை ஆட்டிவிடும், படம் கலங்கிவிடும். ஓடும் குழந்தைக்கு 1/250, உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு 1/125 நொடியாவது வேண்டும். எஃப் 1.8 லென்ஸ், எஃப் 5.6-ஐவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதாவது 1/30-இல் எடுத்த அதே படத்தை 1/250-இலேயே எடுத்துவிடலாம். லென்ஸில் இருக்கும் ஐ.எஸ். வசதி உங்கள் கைநடுக்கத்தைத்தான் சமாளிக்கும், குழந்தையின் அசைவை நிறுத்தாது. இருந்தாலும் ஐ.எஸ். உள்ள 18–55-ஐயே வாங்குங்கள். அது இல்லாத ஒரு 18–55-உம் பார்க்க ஏறக்குறைய அப்படியே இருக்கும். லென்ஸின் முன்வளையத்தில் உள்ள எழுத்துகளைக் கடையிலேயே படித்துப் பாருங்கள்.

50-ஆ, 24-ஆ என்பதை உங்கள் வீட்டு ஹாலே முடிவு செய்துவிடும். இந்த கேமராவில் 50 மி.மீ. மாட்டி 3 மீட்டர் தள்ளி நின்றால் ஃப்ரேமில் அடங்கும் அகலம் 1.3 மீட்டர்தான். இரண்டு குழந்தைகள் தாராளமாக வருவார்கள், நால்வர் தோளோடு தோள் நின்றால் இடிக்கும். 24 மி.மீ. அதே இடத்திலிருந்து 2.8 மீட்டர் காட்டும், ஆனால் வெளிச்சம் கொஞ்சம் குறைவு. குரூப் படத்துக்கு 18–55 ஏற்கெனவே கையில் இருப்பதால், என் பரிந்துரை 50.

ஒரு எச்சரிக்கை. 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் முழுசாகத் திறந்து ஒன்றரை மீட்டரில் எடுத்தால், ஷார்ப்பாக இருக்கும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர்தான். கண் தெளிவாக இருக்கும், காது மங்கிவிடும். பக்கத்தில் ஒரு சாண் பின்னால் நிற்கும் தம்பி முழுசாகவே மங்கிவிடுவான். ஒரு குழந்தைக்கு எஃப் 2.8, இருவருக்கு எஃப் 4 என்று வைத்துக்கொண்டு, இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்துங்கள்.

நிக்கான் பக்கம் டி3500 நல்ல கேமரா. பேட்டரியும் மிக நன்றாகத் தாங்கும். உற்பத்தி நின்றுவிட்டதால் பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். அதன் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. விலை குறைவு என்று 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸை மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. ஏ.எஃப்-எஸ் 35 மி.மீ. எஃப் 1.8 ஜி கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குள் எடுக்க இது கேனானின் 50-ஐவிட வசதியான லென்ஸ். கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் கேனான் 200டி மார்க் 2 பாருங்கள். திரையைத் திருப்பித் தரையோடு தரையாக வைத்து எடுக்கலாம், திரையைப் பார்த்து எடுக்கும்போது ஃபோகஸும் வேகமாகப் பிடிக்கும். தவழும் குழந்தைக்கு இது பெரிய சௌகரியம். 3000டி-யைத் தவிர்த்துவிடுங்கள், லென்ஸ் மாட்டும் வளையமே அதில் பிளாஸ்டிக்.

வாங்கிய அன்றே ஆட்டோவை விட்டு ஷட்டர் வேகத்தை நீங்களே வைக்கும் டி.வி. (Tv) மோடுக்கு வாருங்கள், நிக்கானில் அது எஸ். இதில் துவாரத்தை கேமராவே முடிவு செய்யும்; மேலே சொன்ன எஃப் 2.8, எஃப் 4-ஐயும் நீங்களே வைக்க எம் (M) மோடு வேண்டும். ஷட்டர் 1/250, ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை உணரும் திறன்) ஆட்டோ, அதன் உச்சவரம்பு 3200. ஃபோகஸை ஏ.ஐ. சர்வோவில் (அசையும் ஆளை விடாமல் தொடரும் ஃபோகஸ், நிக்கானில் ஏ.எஃப்-சி), நடுப்புள்ளி ஒன்றில் மட்டும் வைத்து, அந்தப் புள்ளியைக் குழந்தையின் கண்ணில் நிறுத்துங்கள். படத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வந்தாலும் பரவாயில்லை, கலங்கிய படத்தை எதுவும் செய்ய முடியாது. சோக் போட்ட பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுங்கும். அதன் கீழ் 1/250-இல் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது இருட்டாகவும் வந்தால், கேமரா பழுது என்று நினைக்க வேண்டாம். 1/100-க்கு இறங்குங்கள், சரியாகிவிடும்.

பின்னால் ஃப்ளாஷ் வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. 1500டி, 200டி மார்க் 2 இரண்டிலும் ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில் நடுப்பின் இல்லை. விலை குறைந்த வேறு கம்பெனி ஃப்ளாஷ்கள் பல அதில் எரியாது. கேமராவைக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்தே வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்டில் தாராளமாக வாங்கலாம். கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புது டி.எஸ்.எல்.ஆர். மாடல் எதையும் கொண்டுவரவில்லை, அதனால் பழையது வாங்கினாலும் தொழில்நுட்பத்தில் பெரிதாகப் பின்தங்கிவிட மாட்டீர்கள். ஆனால் நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். லென்ஸைக் கழற்றி, துவாரம் திறந்திருக்க, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச் அடித்து முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் கிளைத்துத் தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். தூசிப்பொட்டு ஒன்றிரண்டு இருந்தால் கவலையில்லை. அடுத்து, துவாரத்தை எஃப் 16-இல் வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். அதில் தெரியும் கரும்புள்ளிகள் சென்சார் மேல் இருக்கும் அழுக்கு, சர்வீஸில் துடைத்துவிடலாம். அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். நிக்கானாக இருந்தால் ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்ற எண் படக்கோப்பிலேயே இருக்கும், ஒரு ஜேபெக் படத்தை வாங்கிப் பார்த்துவிடலாம். கேனானில் அதற்கு கேமராவைக் கணினியில் இணைத்துத் தனி மென்பொருளில் பார்க்க வேண்டும்.

வீட்டில் கேமராவைத் துணிப்பையிலோ பீரோவிலோ பூட்டி வைக்காதீர்கள். ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நிறம் மாறும் ரகமாக வாங்கினால், மாறியதும் வறுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாரம் ஒருமுறை எடுத்துப் பத்துப் படமாவது எடுங்கள்.