குடரோடு துடக்கி

அன்புள்ள அய்யா,
மனைவி போய் ஐந்து மாதம் ஆகிறது. ராத்திரியில் தூக்கம் இல்லை. அக்கா தினமும் போன் செய்கிறாள், எடுக்கப் பிடிக்கவில்லை. நம்பிக்கை தரும் கவிதைகள் ஒரு பத்து சொல்லுங்கள், மொழிபெயர்ப்பு என்றாலும் சரி. கவிதை உண்மையிலேயே மனதை ஆற்றுமா?
ச.

அன்புள்ள ச.,

இது அப்பாவின் திதி வரும் மாதம். அவர் நினைப்பாகவே இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

பட்டியல் தர மாட்டேன். மொழிபெயர்ப்பா தமிழா என்பதெல்லாம் இப்போது பெரிய விஷயமில்லை. ஆனால் 'நம்பிக்கை தரும்' என்று கேட்டீர்களே, அதில்தான் கோபம் வந்தது. விடியும், பூக்கும், இதுவும் கடந்து போகும் என்று தினம் காலையில் வாட்ஸப்பில் வந்து விழுகிறதே, அது போதுமா உங்கள் துக்கத்துக்கு?

இதே தவறை நானும் செய்தவன். அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். கடைசி இரண்டு மாதம் வீட்டில்தான் கிடந்தார். ஒரு ராத்திரி, தெம்பாக இருக்கட்டும் என்று அப்படியொரு கவிதையை வாசித்துக் காட்டினேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, கட்டில் கம்பியில் விரலால் தட்டியபடி அவரே ஆரம்பித்தார்: 'தோற்றாதென் வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட...' அரிசி மில்லில் மூட்டை எண்ணியவர் அவர். சின்ன வயதில் கோயிலில் ஓதுவார் பாடக் கேட்டுக் கேட்டுப் படிந்தது. பாதியில் வலி வந்து முழங்கால் நெஞ்சுவரை மடங்கும். விட்டதும், 'ஆற்றேன் அடியேன்' என்று விட்ட இடத்திலிருந்து எடுப்பார்.

7ஆம் நூற்றாண்டில், கெடிலக் கரைத் திருவதிகையில், சூலைநோய் என்னும் கொடிய வயிற்றுவலி தாங்காமல், தேவாரம் பாடிய அப்பர் பாடிய முதல் பதிகம் அது. அந்தப் பாட்டில் ஆறுதல் எங்கே இருக்கிறது? எடுத்ததுமே சண்டை: 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்.' எமனாக வந்து நிற்கிறது, நீர் விலக்கவில்லையே என்கிறார். அப்புறம் எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று வைத்தியரிடம் சொல்கிற மாதிரி சொல்கிறார். வெளியே தெரியாமல் வயிற்றுக்குள்ளே குடலோடு சேர்த்துக் கட்டி முடக்குகிறதாம். துடக்கி, முடக்கி. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உங்கள் வயிறும் இழுக்கும். தான் வலித்துக் கிடக்கும் இடத்தில் 1,300 வருடம் முன்னாலேயே ஒருவர் கிடந்திருக்கிறார், அதற்குச் சொல்லும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். அப்பாவுக்கு அந்த ராத்திரிகளில் அதுதான் பேச்சுத்துணை. அப்பருக்கு நோய் தீர்ந்தது என்கிறார் பெரியபுராணத்தில் சேக்கிழார். அப்பாவுக்குத் தீரவில்லை.

அதனால் ஒரே ஒரு பாட்டு போதும், மனப்பாடம் செய்யுங்கள். எந்தப் பாட்டு என்று என்னைக் கேட்காதீர்கள், உங்கள் வலி இருக்கும் இடத்தைத் தொடுவதாக இருக்கட்டும். போனில் சேமித்து வைப்பது உதவாது. ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணாடியைத் தேடி, போனைத் தேடிப் படிக்கிற காரியமில்லை இது. கூப்பிடாமலே வாயில் வர வேண்டும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடத்தைக் கேலி செய்தே ஒரு தலைமுறையை வெறும் வாயோடு விட்டுவிட்டோம்.

இன்னொன்று. வலி வந்ததும் அப்பர் நேராகப் பாடப் போய்விடவில்லை. அப்போது அவர் சமணத் துறவி. உடுத்திய பாயையும் குண்டிகை என்கிற நீர்ப்பாத்திரத்தையும் மயில்பீலியையும் போட்டுவிட்டு, ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு, ராத்திரியோடு ராத்திரியாக அக்கா திலகவதியாரிடம் போய்க் காலில் விழுந்தார். அதற்கு அப்புறம்தான் பாட்டு.

இன்றைக்கு உங்கள் அக்கா கூப்பிட்டால் எடுங்கள்.