தலைவலிய மறைக்காதடா மச்சான்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே வணக்கம், நமக்கு மணலி, ரிஃபைனரி பக்கம். நானும் என் ஃப்ரெண்டும் ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து ஒண்ணா சுத்திக்கினு இருக்கோம், அவன் காசிமேட்டுல போட் இன்ஜின் வேலை பாக்குறான். வர்ற ஜூலைல ஆளுக்கொரு புல்லட்ல மணாலி லே ரோடு போலாம்னு இருக்கோம். காலைல மணாலில கிளம்பி ராத்திரி சார்ச்சுல டென்ட், மறுநாள் லே. லீவு மொத்தம் பத்து நாள். பிளான் ஓகேவா?

பதில்: தம்பி, ரோடு ஓகே, துணைக்கு ஆளும் ஓகே, ஆனா அந்த சார்ச்சு ராத்திரின்னு படிச்சதும் எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. ஏன்னா பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நானும் என் மச்சானும் (சொந்தம்லாம் இல்ல, ராயபுரத்துல எதிர்வீட்டுக்காரன்) அச்சு அசலா இதே பிளான்லதான் போனோம்.

மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரம், சார்ச்சு கிட்டத்தட்ட 4,290. ஒரே பகல்ல ரெண்டாயிரம் மீட்டருக்கு மேல ஏறி அங்கயே படுக்குறீங்க. மேல போகப் போக காத்து கம்மி, உடம்பு பழக நாளாகும். 3,000 மீட்டர் தாண்டிட்டா ராத்திரி தூங்குற உயரத்த நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தாதீங்கன்னுதான் டாக்டருங்க சொல்றாங்க, நாம கடலோரத்துலயே பொறந்து வளந்தவங்க வேற. இத விட மோசம் இன்னான்னா, உடம்புக்கு முடியலன்னா ஒடனே கீழ எறங்கணும், அதுதான் வைத்தியமே, ஆனா சார்ச்சுல இருந்து எறங்கவே முடியாது! மணாலி பக்கம் திரும்பினா 4,890 மீட்டர்ல பாராலாச்சா கணவாய், லே பக்கம் போனா 'காட்டா லூப்ஸ்'ங்கற மலைப்பாதைல 21 கொண்டை ஊசி வளைவு ஏறி நகீ லா (லான்னா கணவாய்), அப்பால 5,000 மீட்டருக்கு மேல லாச்சுலுங் லா. எந்தப் பக்கம் எறங்கணும்னாலும் மொதல்ல ஏறித்தான் ஆகணும்.

அன்னிக்கு ராத்திரி டென்ட்டுக்குள்ள வந்ததும் மச்சான் சாப்பாடு வேணாம்னான், சரி அலுப்புன்னு விட்டுட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு பாத்தா கையுறைய கழட்டத் தெரியாம வெரல ஒண்ணொண்ணா பாத்துக்கினு உக்காந்திருக்கான், எழுப்பி நிக்க வச்சா குடிச்சவன் மாதிரி தள்ளாடுறான், ஆனா ஒரு சொட்டு குடிக்கல. பாராலாச்சா ஏறும்போதே மண்டைய பொளக்குற தலைவலியாம், எங்கிட்ட சொல்லவே இல்ல. டென்ட்காரர் புண்ணியத்துல ஆக்சிஜன் கெடச்சுது, அந்த சிலிண்டரோடவே ஜீப்ல பாராலாச்சா கணவாய தாண்டி மணாலி பக்கம் கேலாங்ங்கற ஊரு ஆஸ்பத்திரிக்கு எறக்கினோம். பொழச்சுட்டான். ஏண்டா சொல்லலன்னு கேட்டதுக்கு, "நீ ரெண்டு வருஷமா துட்டு சேத்த மச்சான், என்னால கெட வேணாம்னு பாத்தேன்"ன்னான். அந்த வார்த்தை இன்னிக்கும் எனக்கு வலிக்குது தம்பி.

அதனால ரூட்ட திருப்பிப் போடுங்க. ஸ்ரீநகர்ல ஆரம்பிச்சு கார்கில்ல (சுமார் 2,680 மீட்டர்) ஒரு ராத்திரி, அப்புறம் லே (3,500). லேல ரெண்டு நாள் வண்டிய தொடாதீங்க, தண்ணி நெறைய குடிங்க, சரக்கு வேணவே வேணாம். உடம்பு பழகினதுக்கு அப்புறம் மணாலி பக்கமா எறங்குங்க. மலை உயரத்துல வர்ற தலைவலி, வாந்திக்குன்னு போடுற டயமாக்ஸ் மாத்திரைய டாக்டர கேக்காம போடாதீங்க, சல்ஃபா அலர்ஜி இருக்கறவங்களுக்கு ஆபத்து. ரயில்ல போக வரவே அஞ்சாறு நாள் போயிடும், பத்து நாள்லாம் பத்தாது, மூணு வாரம் லீவு கேளுங்க, கெடைக்கலன்னா அடுத்த வருஷம் போங்க. அப்புறம் தெனம் காலைலயும் ராத்திரியும் ஒருத்தர ஒருத்தர் கேளுங்க: தலை வலிக்குதா, சோறு எறங்குச்சா, தூங்கினியா? ஒருத்தன் திரும்பலாம்னா இன்னொருத்தன் ஏன்னு கேக்கக்கூடாது, இத கிளம்புறதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க.

கேள்வி: என்கிட்ட இருக்கறது அப்பா ஓட்டின பழைய கார்பரேட்டர் புல்லட். லடாக் தாங்குமா? (திருவொற்றியூர் வாசகர்)

பதில்: உங்க ஊர்ல பொறந்த வண்டிங்க அது! 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் சேந்து என்ஃபீல்டு இந்தியாவ ஆரம்பிச்சாங்க, திருவொற்றியூர்லதான் ஃபேக்டரி. நல்லா தாங்கும். மேல போகப் போக காத்து கம்மி, பெட்ரோல் மட்டும் அதே அளவு எறங்கும், அதனால கரும்புகை வரும், இழுவை கொறையும், பயப்படாம சின்ன கியர்ல போங்க. நமக்கு பெரிய எதிரி உப்புக்காத்து, கேபிள் உள்ளயே துரு புடிச்சிருக்கும், வெளிய தெரியாது. புது கிளட்ச் கேபிள் ஒண்ணு வாங்கி பழசு போற வழியிலயே பக்கத்துல படுக்க வச்சு டேப் சுத்திடுங்க, அந்துச்சுன்னா ரெண்டு முனைய மாட்டினா போதும், குளிர்ல வெரல் மரத்துப்போன நேரத்துல அதோட அருமை தெரியும்.

லேல இருந்து வரும்போது 'காரு'ங்கற ஊரு பங்க்ல டேங்க ரொப்பிடுங்க, கேலாங் பக்கத்துல 'தாண்டி'ங்கற ஊரு பங்க்ல "அடுத்த பங்க் 365 கிமீ"ன்னு போர்டே வச்சிருந்தாங்க, கிட்டத்தட்ட அந்த தூரத்ததான் நீங்க எதிர்ப்பக்கமா வரீங்க, கூட அஞ்சு லிட்டர் கேன் வேணும். ரோட்டுக்கு குறுக்க ஓடுற ஓடைங்கள காலைலயே தாண்டிடுங்க, வெயில் ஏற ஏற பனி உருகி மதியம் தண்ணி முட்டிக்கு வந்துடும்.

கேள்வி: என் பையன் ஃப்ரெண்டோட லடாக் போறேங்கறான். போன் பண்ணி எடுக்கலன்னா எனக்கு உசுரே போயிடும். விடலாமா தம்பி? (ராயபுரம் வாசகி)

பதில்: விடுங்கக்கா. ஆனா நம்ம ஊரு ப்ரீபெய்டு சிம் லடாக்ல எடுக்காது, போஸ்ட்பெய்டு வாங்கச் சொல்லுங்க. அதுவும் லேக்கும் கேலாங்குக்கும் நடுவுல ரொம்ப தூரத்துக்கு சிக்னல் இருக்காது, எந்த ரெண்டு நாள் போன் வராதுன்னு முன்னாடியே எழுதி வாங்கி காலண்டர்ல வட்டம் போட்டு வச்சுக்கோங்க. கூடப் போற பையனோட அம்மா நம்பரையும் வாங்கிடுங்க, யாருக்கு மொதல்ல போன் வந்தாலும் இன்னொருத்தருக்கு சொல்லிடலாம். அப்புறம் ரசப்பொடி கொஞ்சம் பொட்டலம் கட்டி குடுத்துவிடுங்கக்கா. கேலாங் ஆஸ்பத்திரில என் மச்சான் தெளிஞ்சு கண்ண முழிச்சதும் மொத மொத கேட்டது ரசஞ்சோறுதான், அன்னிக்கு எங்ககிட்ட இல்ல.