மோட்டார் ஓடுது, தண்ணி ஏறலை: ஹெச்பியைக் கூட்டினால் சரியாகுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் 4 அடி அகல உறைக்கிணறு, ஆழம் 40 அடி. மேலே தரைமட்டத்தில் 1 ஹெச்பி மோனோபிளாக் மோட்டார். தை மாதம் வரை தொந்தரவு இல்லை. இப்போது தினமும் காலையில் தண்ணீர் ஊற்றினால்தான் மோட்டார் இழுக்கிறது. இழுத்தாலும் பத்து நிமிடத்தில் தண்ணீர் நின்றுவிடுகிறது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ஊற்றிப் போட்டால் கொஞ்சம் வருகிறது. கிணற்றில் 22 அடியில் தண்ணீர் தெரிகிறது. மெக்கானிக் 1.5 ஹெச்பி மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். பெரிய மோட்டார் போட்டால் பத்து நிமிடத்துக்கும் முன்னாலேயே தண்ணீர் நின்றுவிடும்.

நீங்கள் எழுதியதில் இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன. காலையில் தண்ணீர் ஊற்ற வேண்டியிருப்பது ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்பது வேறு. இரண்டாவதை முதலில் பார்ப்போம், செலவு அதில்தான் இருக்கிறது.

மோட்டார் தண்ணீரை இழுக்கிறது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் அது கிணற்றுக்குள் இறங்குகிற சக்‌ஷன் பைப்புக்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். கிணற்று நீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கிற வெளிக்காற்றுதான் தண்ணீரைப் பைப்புக்குள் ஏற்றிவிடுகிறது. கணக்குப்படி அந்தக் காற்றால் ஏற்ற முடிவது சுமார் 34 அடி. பைப்பின் உரசல், எல்போ, பைப்பின் அடிமுனையில் தண்ணீர் திரும்பாமல் தடுக்கிற ஃபுட் வால்வு எல்லாவற்றுக்கும் கழித்துக்கொண்டால் நடைமுறையில் 23, 24 அடி கிடைத்தாலே பெரிது. மோட்டார் அரை ஹெச்பியானாலும் 5 ஹெச்பியானாலும் இந்த வரம்பு மாறாது. ஹெச்பி கூடினால் மோட்டாருக்கு மேலே எவ்வளவு உயரம், எவ்வளவு தண்ணீர் என்பதுதான் கூடும்.

இப்போது உங்கள் கிணற்றுக்கு வருவோம். 4 அடி உறையில் நிமிடத்துக்கு 100 லிட்டர் எடுப்பதாக வைத்துக்கொண்டால், ஊற்று வரத்து இல்லாத நேரத்தில் பத்து நிமிடத்தில் மட்டம் ஏறக்குறைய 3 அடி இறங்கும். 22 அடியில் இருந்த தண்ணீர் 25க்குப் போய்விடுகிறது, மோட்டார் கைவிடுகிறது. ஒரு மணி நேரத்தில் ஊற்று கொஞ்சம் நிரப்பியதும் மறுபடி வருகிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மோட்டார்தான் எட்டாத உயரத்தில் இருக்கிறது. 1.5 ஹெச்பி போட்டால் அதே 3 அடியை இன்னும் வேகமாக உறிஞ்சிவிட்டு நிற்கும்.

என் கணக்கை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். கயிற்றில் கல்லைக் கட்டி, மோட்டார் போடும் முன்பும் தண்ணீர் நின்ற உடனேயும் மட்டத்தைக் குறியுங்கள். மட்டம் அரை அடிகூட இறங்காமல் தண்ணீர் நிற்கிறது என்றால் நான் சொன்ன காரணம் பொருந்தாது. காற்று எங்கோ புகுகிறது. தொட்டியில் விழுகிற தண்ணீர் குமிழும் விட்டுவிட்டும் வந்தால் அதுவேதான். ஃபுட் வால்வு நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டு அடியாவது முங்கியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். முங்கல் குறைந்தால் சுழல் விழுந்து அங்கேயே காற்றை இழுக்கும்.

அடுத்து, காலையில் தண்ணீர் ஊற்றும் கதை. ராத்திரி பைப்பில் நின்ற தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடுகிறது. பெரும்பாலும் ஃபுட் வால்வின் வேலை: ஒரு இலைத்துண்டோ மணலோ மாட்டி மூடி சரியாக உட்காராமல் போயிருக்கும், அல்லது வாஷர் தேய்ந்திருக்கும். மெயினை அணைத்துவிட்டு, ஊற்றும் மூடியைத் திறந்து விளிம்பு வரை நிரப்பி அரை மணி நேரம் விடுங்கள். இறங்குகிறதென்றால் டார்ச் அடித்துப் பைப் நெடுகப் பாருங்கள். ஏதாவது ஜாயின்டில் ஈரம் கசிந்தால் கோளாறு அங்கே. நிற்கும்போது நீர் கசிகிற இடம்தான் ஓடும்போது காற்று உறிஞ்சுகிற இடம்; ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கிற மாதிரி ஆகிவிடும். பைப் முழுக்கக் காய்ந்திருந்தும் தண்ணீர் இறங்கினால் ஃபுட் வால்வைக் கழற்ற வேண்டியதுதான். பைப்பை மேலே தூக்கிக் கழற்றச் சொல்லுங்கள். ஆளைக் கிணற்றுக்குள் இறக்க வேண்டாம்; உறைக்கிணற்றின் அடியில் காற்றோட்டம் இருக்காது, விஷவாயு தேங்கியிருந்தால் இறங்கியவர் மட்டுமில்லை, தூக்கப் போனவரும் மாட்டிக்கொள்வார்.

கிளாண்டில், அதாவது பம்பிலிருந்து ஷாஃப்ட் வெளியே வருகிற இடத்து அடைப்பில், சொட்டுச் சொட்டாகக் கசிவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், கயிறு அடைத்த பழைய மாடலில் அது இருக்கத்தான் வேண்டும். கசிவை நிறுத்த நட்டை இறுக்கினால் ஷாஃப்ட் தேயும்.

உடனடி ஒப்பேற்றலுக்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. மோட்டாரிலிருந்து தொட்டிக்குப் போகிற பைப்பில் உள்ள டெலிவரி கேட் வால்வைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், முழுக்க மூடிவிடாமல். தண்ணீர் நிதானமாக வரும், கிணற்று மட்டமும் மெதுவாக இறங்கும், ஊற்றுக்கு ஈடுகொடுக்க நேரம் கிடைக்கும். பத்து நிமிடம் இருபது நிமிடமாகலாம்.

நிரந்தரத் தீர்வுக்கு, கிணற்றுக்குள்ளேயே முங்கிக் கிடக்கிற ஓப்பன்வெல் சப்மெர்சிபிள்தான் என் தேர்வு. உறிஞ்சும் வேலையே இல்லை, ஊற்றவும் வேண்டாம். மேலே இருந்தபடியே கொஞ்சம் தண்ணீரைக் கீழே திருப்பி அனுப்பி, அதன் வேகத்தில் கிணற்று நீரை மேலே தள்ளுகிற ஜெட் பம்பும் எடுக்கும், ஆனால் அதே கரண்டுக்குத் தண்ணீர் குறைவு. கடையில் ஹெச்பியை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். கோடையில் தண்ணீர் போகிற அடிமட்டத்திலிருந்து மாடித் தொட்டி வாய் வரை உயரத்தைக் கூட்டி, உரசலுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து, அந்த மொத்த உயரம் (ஹெட்) மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள வரம்பின் நடுவில் விழுகிற மாடலைக் கேளுங்கள். பல வீடுகளுக்கு 1 ஹெச்பியே போதும்.

கூடவே, தண்ணீர் தீர்ந்தால் தானே நிற்கிற டிரை ரன் கட்டுப்பாடு அவசியம். உங்கள் ஊற்று மெதுவாக வருவதால், அது இல்லாமல் ஓட்டினால் முதல் கோடையிலேயே சீல் போய்விடும். மோட்டாரை நைலான் கயிற்றில் கட்டி இறக்கச் சொல்லுங்கள். கேபிளைப் பிடித்துத் தூக்கினால் ஜாயின்ட் விட்டுப்போய்க் கிணற்றுத் தண்ணீரிலேயே கரண்ட் பாயும். எர்த் கம்பியும், பெட்டியில் கசிவு மின்னோட்டத்துக்கான ஆர்சிசிபியும் போட்டபிறகே ஸ்விட்சைத் தட்ட வேண்டும்.