உடைய வேண்டிய பின் உடையட்டும்: கேள்வி-பதில்

கே: எங்கள் ரைஸ் மில் ஸ்க்ரூ கன்வேயரில் (தொட்டிக்குள் திருகு சுழன்று சரக்கைத் தள்ளும் மெஷின்) ஷியர் பின் (சுமை மிஞ்சினால் முதலில் அறுந்து மெஷினைக் காக்கும் பின்) அடிக்கடி அறுந்தது. அதற்குப் பதில் வலு அதிகமான 8.8 கிரேடு போல்ட் போட்டதிலிருந்து தொல்லையே இல்லை. இப்படியே ஓட்டலாமா? (காங்கேயம்)

ப: கூடாது. இன்றைக்கே கழற்றுங்கள். இதே கேள்வி எத்தனை மில்களிலிருந்துதான் வருமோ! கணக்கைப் பாருங்கள். 8 மி.மீ. மைல்டு ஸ்டீல் பின்னில் காடி வெட்டி 6 மி.மீ. ஆக்கியிருந்தால், சுமார் 700 கிலோ விசையில் அறுந்துவிடும். காடி இல்லாத 8.8 போல்ட் 2,400 கிலோ வரை தாங்கும். அதற்குள் கியர் பல்லோ, கியரை ஷாஃப்டோடு பிணைக்கும் கீயோ, ஷாஃப்டோ போய்விடும். பத்து, இருபது ரூபாய் பின்னைக் காப்பாற்ற கியர் பாக்ஸைப் பலி கொடுப்பானேன்?

பின் ஏன் அறுகிறது என்பதைத் தேடுங்கள். ஸ்க்ரூவை நடுவில் தாங்கும் ஹேங்கர் புஷ் தேய்ந்து, ஸ்க்ரூ தொட்டியில் உரசுகிறதா? வெளியேறும் வாய் அடைத்திருக்கிறதா? தொட்டியில் பாதிக்கு மேல் சரக்கு நிற்கிறதா? பின் துளை நீள்வட்டமாகிவிட்டால், ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் பின் அடிவாங்கிச் சோர்ந்து அறும். துளையில் கடினப்படுத்திய புஷ் போட வேண்டும். இன்னொன்று: ஷாஃப்டில் ஹப் (பின் வழியாக ஷாஃப்டோடு இணையும் குடம்) துருப்பிடித்து இறுகியிருந்தால், பின் அறுந்தாலும் சுமை விடுபடாது. மாதம் ஒருமுறை பின்னைக் கழற்றி, ஹப் கையால் சுற்றுகிறதா என்று பார்த்துக் கிரீஸ் வையுங்கள்.

ஒரே கம்பியில் இருபது பின் லேத்தில் கடைந்து டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். பின் கையில் இல்லாத ராத்திரியில்தான் ஃபிட்டர் கண்ட போல்டைச் சொருகுகிறார். பின் மாற்றுமுன் மெயினை இறக்கிப் பூட்டுங்கள்.

கே: ஓவர்லோட் ரிலே (கரண்ட் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்துவது) இருக்கும்போது டார்க் லிமிட்டர் (முறுக்கு விசை மிஞ்சினால் வழுக்கியோ விடுபட்டோ மெஷினைக் காப்பது) எதற்கு? (ஹோசூர்)

ப: ரிலே மோட்டார் வைண்டிங்கைக் காப்பது. மோட்டார் அடியோடு நின்றுபோனாலும் கிளாஸ் 10 வகை ரிலே டிரிப் ஆக நாலு முதல் பத்து விநாடி ஆகும். கல்லோ இரும்போ சிக்கினால் பல் உடைய அரை விநாடி போதும்.

கே: லிமிட்டரை எங்கே மாட்டுவது?

ப: கியர் பாக்ஸைத் தாண்டி, சுமைக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அங்கே.

கே: ஃபிரிக்ஷன் லிமிட்டர் (உராய்வால் பிடித்து, சுமை மிஞ்சினால் வழுக்கும் வகை) வழுக்குகிறது. நட்டை முழுதாக இறுக்கிவிடவா?

ப: முழுதாக இறுக்கினால் அது லிமிட்டர் இல்லை, இரண்டு ஷாஃப்டை இணைக்கும் வெறும் கப்ளிங். முதலில் லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கிறதா பாருங்கள், ஊறியிருந்தால் மாற்றுங்கள். பிறகு நட்டைத் தளர்த்தி, கால் சுற்றுக்கும் குறைவாகப் படிப்படியாக இறுக்கி, சுமையோடு ஸ்டார்ட் ஆகும் இடத்துக்குச் சற்றே மேலே நிறுத்துங்கள். புது லைனிங் படிந்ததும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

கே: ஃப்ளூயிட் கப்ளிங்கில் (எண்ணெய் வழியாகச் சுழற்சியைக் கடத்தும் கப்ளிங்) ஃப்யூசிபிள் பிளக் (சூடு மிஞ்சினால் உருகும் அடைப்பு) உருகி எண்ணெய் கொட்டிவிட்டது. சாதாரண போல்ட் போட்டு அடைத்தோம்.

ப: மிக ஆபத்து! பிளக்கும் ஷியர் பின்னும் ஒரே ஜாதி. உருகுவதுதான் அதன் வேலை. அடைத்து ஓட்டினால் கொதிக்கும் எண்ணெயின் அழுத்தத்தில் உறையே வெடிக்கலாம். அதே வெப்பநிலை பொறித்த பிளக்கையே போடுங்கள்.

கே: பக்கெட் எலிவேட்டரில் (பெல்ட்டில் கட்டிய வாளிகளால் சரக்கை மேலேற்றும் மெஷின்) பெல்ட் வழுக்கினாலே போதாதா, தனிப் பாதுகாப்பு வேண்டுமா?

ப: நின்ற பெல்ட்டில் புல்லி உரசித் தீப்பிடிக்கும். வால் ஷாஃப்டில் (அடிப்புல்லியின் ஷாஃப்ட்) ஸ்பீடு சென்சார் வையுங்கள்.

கே: மெஷின் அடிக்கடி ஜாம் ஆகிறது. என்ன செய்யலாம்?

ப: என்ன மெஷின்? எத்தனை எச்.பி.? எத்தனை ஆர்.பி.எம்.? உள்ளே ஓடுவது என்ன சரக்கு? எழுதுங்கள், பார்க்கலாம். அதுவரை ஜாம் எடுக்கக் கையை உள்ளே விடுமுன் மெயினை இறக்கிப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ரிலேயும் தானே பழைய நிலைக்குத் திரும்பும் ஆட்டோ ரீசெட்டில் இருக்கக் கூடாது.