மூவரும் கூட்டமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லியின், நீங்கள் பரிந்துரைத்த கிறிஸ்துமஸ் கன்செர்டோவைக் கேட்டேன். இரண்டு வயலின்களும் ஒரு செல்லோவும் தனித்து வாசிக்கின்றன, பிறகு பெரிய குழு வந்து சேர்ந்துகொள்கிறது. ஆனால் அந்த மூவருக்கும் தங்கள் வித்தையைக் காட்ட இடமே இல்லை. பெரிய குழுவும் புதிதாக எதையும் சொல்லவில்லை. பிறகு இரண்டு குழுக்கள் எதற்கு?

எம்.

அன்புள்ள எம்.,

நீங்கள் கவனித்தது சரிதான். அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்தான் எனக்கு உடன்பாடில்லை. கன்செர்டோ என்றதும் ஒற்றை வயலினும் அதற்கு எதிர்நிற்கும் இசைக்குழுவும் நினைவுக்கு வருவதற்கு இன்னொரு இத்தாலிய இசையமைப்பாளரான விவால்டியின் செல்வாக்கே பெரிதும் காரணம். சிறு குழுவும் பெருங்குழுவும் இணையும் ‘கன்செர்டோ க்ரோஸோ’ வகையில் கொரெல்லி எழுதியவற்றில் எதிர்நிற்றல் இல்லை. அவர் மறைந்த மறு ஆண்டு, 1714இல், ஆம்ஸ்டர்டாமில் அச்சான ஆறாம் தொகுப்பில் 12 கன்செர்டோக்கள் உள்ளன; நீங்கள் கேட்டதும் அவற்றில் ஒன்றுதான். மூவர் குழு கட்டாயம், பெருங்குழு அவரவர் விருப்பம், வேண்டுமானால் அதில் ஆட்களைக் கூட்டிக்கொள்ளலாம் என்று அதன் முகப்பிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அதாவது, மூவரும் ஹார்ப்சிகார்ட் போன்ற துணை வாத்தியமும் இருந்தாலே இசை முழுமை பெற்றுவிடும். கூட்டம் சேரும்போது மூவரும் ஓய்ந்துவிடுவதில்லை. அவர்கள் வாசித்துக்கொண்டேயிருக்க, அதே இசை பருத்துக் கனக்கிறது. ‘க்ரோஸோ’ என்ற சொல்லுக்கே பருமன் என்றுதான் பொருள்.

இதில் ரோம் நகரத்து நடைமுறையும் கலந்திருக்கிறது. 1687இல், அங்கே குடியேறியிருந்த ஸ்வீடனின் முன்னாள் அரசி கிறிஸ்டினாவின் மாளிகையில், 150 தந்தி வாத்தியக்காரர்களுக்குக் கொரெல்லி தலைமை தாங்கினார். விழாவுக்கு விழா ஆள்கணக்கு மாறும் ஊரில், எத்தனை பேர் வந்தாலும் தாங்கும்படி எழுதுவதும் ஒரு வித்தைதான்.

நீங்கள் தேடிய வித்தையை அவர் தெரிந்தேதான் தவிர்த்திருக்கிறார். தொடக்கத்தில் சில வேகமான வீச்சுகள் முடிந்ததும் வரும் மெதுவான பகுதியை இன்னொரு முறை கேளுங்கள். ஒரு குரல் தன் சுரத்தை விடாமல் பிடித்திருக்க, இன்னொன்று நெருங்கி வந்து அதனோடு உரச, முதல் குரல் ஒரு படி இறங்கி வழிவிடுகிறது; அந்த உரசல் தீர்வதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது. மெதுவான பகுதிகளில் வயலின்காரர்கள் சொந்தமாக அலங்காரங்களைச் சேர்த்து வாசிப்பது அக்கால வழக்கம். இங்கே கொரெல்லி, வில்லை நீட்டி இழுத்து, ‘உள்ளபடியே’ வாசிக்க வேண்டுமென்று குறிப்பெழுதித் தடுத்துவிட்டார். ஒரு கமகம் கூடினாலும் அந்த உரசல் மங்கிப்போகும் என்பது என் எண்ணம்.

இறுதியில் வரும், ஆயர்களின் துருத்திக்குழல் போலச் சுருதி நீளும் ‘பாஸ்டொராலே’ பகுதிதான் கிறிஸ்துமஸ் இரவை நினைவூட்டுவது. அதன் தலைப்பிலும் ‘விருப்பப்படி’ என்றே இருக்கிறது. மற்ற நாட்களில் அதற்கு முந்தைய வேகமான பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம்.