பாதைக் கல் மழையில் ஆடுகிறதா?

வணக்கம். மண்மேல் நேரடியாகப் பதித்த கற்கள் ஒரே மழையில் அமுங்கி ஆடுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். பாவம், கல்லில் குறையில்லை. மேல்மண்ணில் மக்கிய இலைதழை அதிகம், நனைந்தால் இளகிவிடும்.

கற்களை எடுத்துவிட்டு 18 செ.மீ. தோண்டுங்கள். 10 செ.மீ. ஜல்லியை இரண்டு தடவையாகக் கொட்டி, ஒவ்வொரு தடவையும் திமிசுக்கட்டையால் (தரையை இடித்து இறுக்கும் கனமான கட்டை) நன்றாக இடியுங்கள். குதிகாலால் அழுத்தினால் தடம் விழக் கூடாது. இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். மேலே 3 செ.மீ. மணல், அப்புறம் கல்.

தண்ணீர் வடிய வாட்டம் (சரிவு) மீட்டருக்கு 2 செ.மீ., வீட்டுச் சுவருக்கு எதிர்ப்பக்கமாக. ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் தடுப்புக்கல் பதிக்காவிட்டால் மணல் அரித்துப் போகும்.

மூடுவதற்கு முன் அந்தப் பள்ளத்தின் படம் ஒன்று போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.